பணத்தைக் கடைசியில் கேளுங்கள்: ஊர் இளைஞர்களுக்கான தொழிற்பயிற்சி அறக்கட்டளைக்கு ஊரைச் சேர்ப்பது எப்படி?

பத்தாவதிலோ பன்னிரண்டாவதிலோ படிப்பு நின்றுபோன பிள்ளைகளுக்கு வயரிங், தையல், டூவீலர் மெக்கானிக், டேலி (கம்ப்யூட்டரில் கணக்கெழுதுவது) என்று ஏதாவது ஒரு கைத்தொழிலைக் கற்றுக்கொடுக்கும் சின்னச் சின்ன அறக்கட்டளைகள் தமிழ்நாட்டுப் பேரூராட்சிகளில் நிறைய உண்டு. நாலு நல்ல மனிதர்கள் சேர்ந்து ஆரம்பித்திருப்பார்கள், அதில் ஒருவர் ஓய்வுபெற்ற ஐடிஐ ஆசிரியராக இருப்பார், வாடகைக்கு ஒரு மாடி கிடைத்திருக்கும், முதல் வருடம் உற்சாகமாக ஓடும். இரண்டாவது வருடம் வாடகையும் கரண்ட் பில்லும் கழுத்தைப் பிடிக்கும்போது ரசீது புத்தகம் அச்சடித்துக்கொண்டு கடைவீதியில் இறங்குவார்கள். கடைக்காரரும் ஐம்பதோ நூறோ கொடுத்து, கும்பிடு போட்டு அனுப்பிவிடுவார். கோயில் கொடைக்கு, கபடிப் போட்டிக்கு, கட்சி மாநாட்டுக்கு எல்லாம் கொடுக்கிற அதே கல்லாவில் இருந்து, அதே முகத்தோடு. அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு அவருக்கும் உங்களுக்கும் பேச்சே இருக்காது.

ரசீது புத்தகத்தோடு போவதுதான் கோளாறு. ஊரிடம் பணத்தைவிட அதிகமாக வேறு சில விஷயங்கள் இருக்கின்றன: பட்டறையில் ஒரு மூலை, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், இருபது வருட அனுபவம், சுவரில் தொங்குகிற பழைய ஸ்பேனர் செட், வேலைக்கு ஆள் தேடும் தேவை. அதை முதலில் கேளுங்கள். ஒரு பையனைத் தன் கடையில் பதினைந்து நாள் வைத்துப் பார்த்தவர் பிறகு உங்கள் ஆள். அவரிடம் நீங்கள் பணம் கேட்கவே வேண்டியிருக்காது, "வாடகைக்கு என்னய்யா பண்றீங்க?" என்று அவரே கேட்பார்.

கடைவீதியில் முதல் சுற்று

கையில் ரசீது புத்தகமோ நோட்டீஸோ எடுக்காமல் போங்கள். ஒரு நோட்டும் பேனாவும் போதும். போகும் நேரம் முக்கியம். காலையில் கடை திறந்து முதல் வியாபாரம் முடிந்து, பதினொன்றரை மணி வாக்கில் டீ வரும் நேரம் நல்லது. சனிக்கிழமை சாயங்காலம் போகாதீர்கள், மாதம் 20-ம் தேதியை ஒட்டியும் போகாதீர்கள், ஜிஎஸ்டி தாக்கல் தலைவலியில் இருப்பார்கள். கேட்க வேண்டியது ஒரே கேள்வி: "எந்த வேலைக்கு உங்களுக்கு ஆள் கிடைக்க மாட்டேங்குது?"

பதிலைக் குறுக்கே பேசாமல் எழுதிக்கொள்ளுங்கள். எலெக்ட்ரிக்கல் கடைக்காரர், வயரிங் பண்ணத் தெரிந்தவன் இருக்கிறான், ஆனால் வீட்டைப் பார்த்து எத்தனை மீட்டர் வயர், எத்தனை ஸ்விட்ச் பாக்ஸ் என்று எஸ்டிமேட் எழுதத் தெரிந்தவன் இல்லை என்பார். ஜவுளிக்கடைக்காரர், எல்லாரும் ஜாக்கெட் தைக்கத்தான் கற்றுக்கொள்கிறார்கள், எனக்கு வேண்டியது பேன்ட் உயரம் குறைக்கவும் ஜிப் மாற்றவும் ஒரு ஆள் என்பார். இந்தப் பதில்கள்தான் அடுத்த பேட்ச்சின் பாடத்திட்டம். மூன்று மாதம் கழித்து அதே கடைக்குப் போய், "நீங்க சொன்னதை வெச்சு எஸ்டிமேட் எழுதுறதைச் சேர்த்திருக்கோம், ஒரு நாள் வந்து சொல்லிக்கொடுங்க" என்று கேட்டால் மாட்டேன் என்று சொல்ல அவருக்கு வழியே இல்லை.

அதற்கு அடுத்ததாகத்தான் இடம் கேட்க வேண்டும், அதாவது முடித்த பிள்ளைகளுக்குக் கடையில் பதினைந்து நாள் பழக்கம். இதை வாய்வார்த்தையாக விடாதீர்கள். ஒரு பக்கக் கடிதம் போதும், ஆனால் அதில் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, என்ன வேலை, என்ன வேலை கூடாது என்று தெளிவாக இருக்கட்டும். கம்பத்தில் ஏறக் கூடாது, சப்ளை இருக்கும் லைனில் தனியாகக் கை வைக்கக் கூடாது, கல்லாவில் உட்காரவைக்கக் கூடாது. 18 வயது முடிந்தவர்களை மட்டும் அனுப்புங்கள், அதற்குக் கீழே இருப்பவர்களைப் பட்டறைக்கு அனுப்பிச் சட்டச் சிக்கலில் மாட்ட வேண்டாம். வங்கிக் கணக்கு இருக்கும் ஒவ்வொருவருக்கும் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில் விபத்துக் காப்பீடு போட்டுவிடலாம். வருடத்துக்கு 20 ரூபாய், விபத்தில் உயிரிழந்தால் 2 லட்சம். இதைக் கடைக்காரரிடம் சொல்லும்போதே அவர் முகத்தில் ஒரு நம்பிக்கை வரும், இவர்கள் விளையாட்டுக்கு வரவில்லை என்று.

பழைய கருவிகள் கேட்க ஒரு நல்ல நாள் உண்டு. ஆயுத பூஜைக்கு ஒரு வாரம் முன்னால் எல்லாப் பட்டறையிலும் தூசி தட்டி, கழுவி, எது வேண்டும் எது வேண்டாம் என்று பிரித்துப் போடுவார்கள். அப்போது போய் நில்லுங்கள். வருடம் முழுக்கக் கேட்டுக் கிடைக்காத வைஸ், டிரில்லிங் மெஷின், பாதி நல்ல ஸ்பேனர்கள் எல்லாம் அந்த ஒரு வாரத்தில் வந்து சேரும். வாங்கியதற்கு ரசீது கொடுங்கள், பொருளாக வந்தாலும்.

ஊர் நேரில் பார்க்கும்படி ஒரு நாள்

மேடை போட்டு, சிறப்பு விருந்தினரைக் கூப்பிட்டு, சால்வை போர்த்தி நடத்தும் விழாக்களில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. அதில் பிள்ளைகள் பின்வரிசை நாற்காலியில் உட்கார்ந்து கைதட்டுவார்கள். அதற்குப் பதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இலவசப் பழுதுபார்ப்பு முகாம் நடத்துங்கள். பள்ளிக்கூட வராந்தாவோ சமுதாயக் கூடமோ போதும். மிக்சி, மின்விசிறி, இஸ்திரிப் பெட்டி, குக்கர் இவற்றைக் கொண்டு வாருங்கள், உதிரிபாகத்துக்கு மட்டும் காசு, கூலி கிடையாது என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லுங்கள்.

இதற்குக் கூட்டம் வருமா என்று சந்தேகம் வேண்டாம். 2011-க்குப் பிறகு அரசு கொடுத்த விலையில்லா மிக்சியும் மின்விசிறியும் எத்தனை வீட்டுப் பரணில் கிடக்கின்றன என்று யோசித்துப் பாருங்கள். அவற்றில் பல ஓடாமல் போனதற்குக் காரணம் சின்னதுதான்: மிக்சியில் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும் அல்லது கப்ளர் பல் போயிருக்கும், ஃபேன் மெதுவாகச் சுற்றினால் பெரும்பாலும் கெப்பாசிட்டர், இஸ்திரிப் பெட்டியில் வயர் உள்ளே அறுந்திருக்கும். சீலிங் ஃபேனுக்குப் பொதுவாக 2.5 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர்தான், ஒரு டப்பா நிறைய வாங்கி வையுங்கள். ஊர் எலெக்ட்ரிக்கல் கடையிலேயே வாங்குங்கள், மீந்ததைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள், அவரும் வந்து ஓரமாக உட்காருவார்.

முகாமை ஒழுங்காக நடத்த ஒரு சீரிஸ் போர்டு கண்டிப்பாக வேண்டும். ஒரு குண்டு பல்பைத் தொடரில் மாட்டிய பலகை, அவ்வளவுதான். எல்இடி பல்பு இதற்கு உதவாது. வருகிற எந்தப் பொருளையும் நேராக பிளக்கில் சொருகாமல் முதலில் இதில் போட்டுப் பார்க்க வேண்டும். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், ஃப்யூஸ் போகாது, பையன் பயப்பட மாட்டான். சுற்றி நிற்கும் அம்மாக்கள் "அந்த லைட்டு எதுக்குத் தம்பி?" என்று கேட்பார்கள், அவன் விளக்குவான். இந்த ஒரு உரையாடலுக்காகத்தான் முகாமே. தன் மிக்சி ஏன் ஓடவில்லை என்று தெருப் பையன் ஒருவன் காரணத்தோடு சொல்வதை ஒரு அம்மா கேட்டுவிட்டால், உங்கள் அறக்கட்டளை பற்றி நீங்கள் இனி விளம்பரம் செய்ய வேண்டாம், அந்தத் தெருவுக்கு அவரே சொல்லிவிடுவார்.

சில கட்டுப்பாடுகள்: டோக்கன் கொடுங்கள், பெயரும் என்ன பழுது என்பதும் எழுதி, வாங்கும்போதே ஓடவில்லை என்று கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் "நல்லாத்தான் ஓடிச்சு, நீங்கதான் கெடுத்தீங்க" என்று ஒரு சண்டை நிச்சயம். மைக்ரோவேவ் அடுப்பைப் பழுதுபார்க்க வாங்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டரில் ஆளைக் கொல்லும் அளவு மின்சாரம் தங்கியிருக்கலாம். ஃப்ரிட்ஜ், டிவியும் வேண்டாம். அனுபவமுள்ள எலெக்ட்ரீஷியன் ஒருவர் முழு நேரமும் கூடவே நிற்க வேண்டும், இது பேரம் பேசும் விஷயமல்ல.

தையல் பிள்ளைகளுக்கு வேறு நாள் பாருங்கள். பள்ளி திறக்கும் ஜூன் முதல் வாரம்தான் அவர்களுக்கு. புதுச் சீருடை எப்போதும் ஒரு அளவு பெரிதாகத்தான் வாங்குவார்கள். மடித்துத் தைக்க, பட்டன் வைக்க, இடுப்புப் பிடிக்க, பள்ளி வாசலிலேயே இரண்டு மெஷினைப் போட்டால் போதும்.

வீட்டுக்குள் போக வேண்டிய பேச்சு

கடைவீதி சம்மதித்தாலும் வீடுகள் சம்மதிக்காமல் இருக்கலாம். குறிப்பாகப் பெண் பிள்ளைகள் விஷயத்தில். பெற்றோர் கேட்பது பாடத்திட்டத்தைப் பற்றி இருக்காது. கழிப்பறை இருக்கிறதா, கடைசி டவுன் பஸ்ஸுக்கு முன்னால் வகுப்பு முடியுமா, சொல்லிக்கொடுப்பது ஆணா பெண்ணா, இந்த மூன்றும்தான் இருக்கும். மூன்றுக்கும் பதில் இல்லாமல் நோட்டீஸ் கொடுப்பது காகிதச் செலவு. இங்கே உங்களுக்கு உதவக்கூடியவர்கள் மகளிர் சுய உதவிக் குழுக்காரர்கள். எந்த வீட்டில் எந்தப் பெண் சும்மா இருக்கிறாள், எந்த அப்பா ஒத்துக்கொள்வார், எந்த வீட்டில் பாட்டியிடம் பேச வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். குழுக் கூட்டம் நடக்கும் அன்றைக்கே போய், பத்து நிமிடம் கேட்டு வாங்கிப் பேசுங்கள்.

இன்னொன்றையும் மூடி மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பயிற்சி மையம் எந்தத் தெருவில் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் யார் வருவார்கள் என்பது. ஒரு சாதிச் சங்கத்தின் மண்டபம் இலவசமாகக் கிடைக்கிறது என்று அங்கே போய் உட்கார்ந்தால், மற்றத் தெருப் பிள்ளைகள் வர மாட்டார்கள், ஏன் வரவில்லை என்று யாரும் வாய் திறந்து சொல்லவும் மாட்டார்கள். வாடகை கொடுத்தாவது பஸ் ஸ்டாண்ட் பக்கம், எல்லாரும் வந்துபோகும் இடத்தில் இருங்கள். அறங்காவலர் குழுவிலும் ஒரே தெருக்காரர்களாக இருந்தால் ஊர் அதைக் கவனிக்கும்.

ஃப்ளெக்ஸ் விஷயம் சுருக்கமாக: யார் படமும் போடாதீர்கள். ஒருவர் படம் போட்டால் இன்னொருவர் வர மாட்டார், எல்லார் படமும் போட்டால் யார் படம் பெரிது என்று சண்டை. கவுன்சிலரையும் தலைவரையும் எதிர்க்கட்சிக்காரரையும் ஒரே மாதிரி நேரில் போய்க் கூப்பிடுங்கள், அவ்வளவு போதும்.

"அரசாங்கமே நடத்துதே, நீங்க எதுக்கு?"

இந்தக் கேள்வி நிச்சயம் வரும். வர வேண்டிய கேள்விதான். 2022 மார்ச் 1 அன்று தமிழ்நாடு அரசு தொடங்கிய நான் முதல்வன் என்ற திறன் பயிற்சித் திட்டம் பெரும்பாலும் கல்லூரி, பாலிடெக்னிக், ஐடிஐ, பள்ளி என்று ஏதாவது ஒரு இடத்தில் படித்துக்கொண்டிருப்பவர்களைச் சென்றடைகிறது. வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில் தங்குமிடம், சாப்பாட்டோடு இலவசப் பயிற்சி உண்டு, ஆனால் அது மாவட்டத் தலைநகர் பக்கம் இருக்கும், வாரக்கணக்கில் வீட்டைவிட்டுப் போய்த் தங்க முடிகிறவர்களுக்குத்தான் அது. காலையில் தறிக்கோ வயல் வேலைக்கோ போய்விட்டு சாயங்காலம் மட்டும் வரக்கூடிய பையனுக்கு உள்ளூரில் ஒரு இடம் வேண்டுமே, அதுதான் நீங்கள். இப்படித் தெளிவாகச் சொல்லிவிட்டு, அங்கே போக முடிகிற பிள்ளைகளை நீங்களே விண்ணப்பம் எழுதி அனுப்பிவையுங்கள். எங்களைத் தவிர வேறு வழியில்லை என்று பேசுகிற அறக்கட்டளையை ஊர் நம்பாது.

கிராமமாக இருந்தால் கிராம சபையை விடாதீர்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்தில் ஆறு முறை கூடுகிறது. பூட்டிக் கிடக்கும் பஞ்சாயத்துக் கட்டடம் ஏதாவது இருந்தால் சாயங்கால வகுப்புக்கு வேண்டும் என்று கேட்டு, தீர்மானப் புத்தகத்தில் ஏறும்வரை எழுந்து போகாதீர்கள். மே 1 கூட்டம் நல்ல பொருத்தம், தேர்வு முடிவுகள் வரும் காலம் அது, மதிப்பெண் போதாத பிள்ளைகள் வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டிருப்பார்கள்.

சரி, இப்போது பணம்

மேலே சொன்னதில் பாதியாவது நடந்த பிறகு பணத்துக்கு வாருங்கள். பொதுவாக "நன்கொடை தாருங்கள்" என்று கேட்காமல் பொருளைச் சொல்லிக் கேளுங்கள். ஒரு மல்டிமீட்டர், பத்து டெஸ்டர், ஒரு மாத வாடகை, ஓவர்லாக் மெஷினில் பாதி, ஒரு பிள்ளையின் மூன்று மாத பஸ் செலவு. ஒவ்வொன்றுக்கும் கடையில் கேட்டு வாங்கிய விலைப்பட்டியலைக் கையில் வைத்திருங்கள். மல்டிமீட்டர் கொடுத்தவர் அடுத்த மாதம் மாடிக்கு வந்து, தன் மல்டிமீட்டர் யார் கையில் இருக்கிறது என்று பார்ப்பார், அது உங்களுக்கு நல்லதுதான். ஜூன் மாதம் கேட்காதீர்கள், எல்லார் வீட்டிலும் ஸ்கூல் பீஸ். பொங்கலுக்கு வெளியூர்க்காரர்கள் ஊருக்கு வரும்போது கேளுங்கள், அப்போது அவர்களுக்கு நேரமும் இருக்கும், பிறந்த ஊர்ப் பாசமும் கொஞ்சம் பொங்கியிருக்கும்.

கணக்கு காட்டுவதில் மொய் நோட்டைப் பின்பற்றுங்கள் என்று எல்லாரிடமும் சொல்வேன். பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் மொய் விருந்துகளில் எவ்வளவு பெரிய தொகை கைமாறினாலும் யாருக்கும் சந்தேகம் வராததற்குக் காரணம், எல்லாரும் பார்க்க உட்கார்ந்து பெயரும் ஊரும் தொகையும் எழுதுகிறார்கள் என்பதுதான். நீங்களும் மாதக் கடைசியில் வரவு, செலவு, மிச்சம் மூன்றையும் ஒரே தாளில் கையால் எழுதி மையத்தின் வெளிச்சுவரில் ஒட்டுங்கள். டீச் செலவு உட்பட. கம்ப்யூட்டரில் அடித்து வாட்ஸ்அப்பில் போட்டால் ஐந்து பேர் பார்ப்பார்கள், சுவரில் இருந்தால் பஸ்ஸுக்கு நிற்கிறவர் எல்லாரும் படிப்பார்கள். கியூஆர் கோடு அறக்கட்டளைக் கணக்குக்கு மட்டுமே இருக்க வேண்டும், செயலாளரின் சொந்த ஜிபேவுக்குப் போகிற ஒரு ரூபாய்கூட ஊர்ப் பேச்சாகிவிடும்.

சட்ட விஷயங்களில் மூன்றை மட்டும் சொல்கிறேன், மீதியை ஆடிட்டரிடம் கேளுங்கள். நன்கொடை கொடுப்பவருக்கு 80ஜி என்று எல்லாரும் சொல்லும் வரிச்சலுகை தரும் அனுமதி உங்கள் அறக்கட்டளைக்குக் கிடைத்திருந்தாலும், பழைய வரி முறையில் இருப்பவருக்குத்தான் அது பயன்படும், ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அந்தச் சலுகை கிடையாது. ஆகவே பெரிய தொகையை வங்கி வழியாகவே வாங்குங்கள். இரண்டாவது, வெளிநாட்டுப் பணம். சிங்கப்பூரிலோ துபாயிலோ வேலை பார்க்கும் ஊர்க்காரர் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தால், தன் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படாது. அவரே அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டால், இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும், எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் பதிவு இல்லாமல் வாங்கக் கூடாது. சொந்த மாமாவாக இருந்தாலும் முதலில் பாஸ்போர்ட்டைக் கேட்டுவிடுங்கள்.

மூன்றாவது சிஎஸ்ஆர், அதாவது பெரிய கம்பெனிகள் சமூகப் பணிக்குச் சட்டப்படி ஒதுக்க வேண்டிய பணம். யாராவது ஒருவர் கூட்டத்தில் எழுந்து, பெரிய கம்பெனியில் சிஎஸ்ஆர் கேட்டால் முடிந்தது, எதற்கு இந்தக் கடை கடையாக அலைச்சல் என்பார். முந்தைய நிதியாண்டில் நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இவற்றில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனிக்குத்தான் அந்தக் கடமை. அது மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதம். அந்தப் பணத்தை வாங்க உங்களுக்கு வருமானவரிப் பதிவுகள், சிஎஸ்ஆர்-1 படிவப் பதிவு எல்லாம் வேண்டும், அதோடு இதே மாதிரி வேலையைக் குறைந்தது மூன்று வருடம் செய்த வரலாறும் வேண்டும். அந்த மூன்று வருடத்தை யார் தாங்குவது? கடைவீதிதான். மூன்று வருடம் கழித்து கம்பெனிக்காரர்கள் ஊருக்கு வந்து விசாரிக்கும்போது எலெக்ட்ரிக்கல் கடைக்காரரிடம்தான் கேட்பார்கள்.

படித்து முடித்துப் போன பிள்ளைகளைப் பற்றி ஒன்று சொல்லி முடிக்கிறேன். வேலைக்குப் போன முதல் வருடமே அவர்களிடம் நன்கொடை கேட்கிற பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. வேண்டாம். முதல் சம்பளத்தில் அவர்கள் அடைக்க வேண்டிய கடன் வீட்டிலேயே இருக்கும். வருடத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் கேளுங்கள், பழுதுபார்ப்பு முகாமில் சீரிஸ் போர்டுக்குப் பக்கத்தில் புதுப் பேட்ச்சோடு நிற்கச் சொல்லுங்கள். பஸ் காசும் மத்தியானச் சாப்பாடும் உங்கள் செலவு.